நள்ளிரவில் வயல் கடந்து வரும் கூத்து மேளம்

சித்திரை, வைகாசி மாதங்களில் ஓர் இரவு, விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் கடைசிப் பேருந்துகளில் ஒன்றில் ஏறி, வழியில் கூட்டேரிப்பட்டில் இறங்கிக் கொள்ளுங்கள். மணி பதினொன்றைத் தாண்டியிருக்கட்டும். பேருந்து போன பிறகு சாலை ஓரமாகச் சிறிது நேரம் பேசாமல் நில்லுங்கள். லாரிகளின் இரைச்சல் ஓயும் இடைவெளியில், மயிலம் பக்கத்திலிருந்தோ, வேறு ஏதேனும் ஓர் ஊரிலிருந்தோ, வயல்களைக் கடந்து ஒரு மேளச் சத்தம் உங்கள் காதில் விழக்கூடும். அது திரௌபதியம்மன் திருவிழாக் காலம். ஏதோ ஓர் ஊரில் கூத்து தொடங்கிவிட்டது என்று பொருள்.

பகலில் அதே இடத்தில் நின்றிருந்தால் அதே மேளம் உங்களுக்குக் கேட்டிருக்காது. 'இரவில் ஊர் அடங்கிவிடுகிறது, அதனால் கேட்கிறது' என்று நீங்கள் உடனே சொல்வீர்கள். அது பாதி விடைதான். மீதிப் பாதி, உங்கள் தலைக்கு மேலே உள்ள காற்றில் இருக்கிறது.

ஒலியின் வேகம் காற்றின் வெப்பநிலையைப் பொறுத்தது. 0 பாகை செல்சியசில் விநாடிக்கு 331 மீட்டர். ஒவ்வொரு பாகை கூடும்போதும் ஏறக்குறைய 0.6 மீட்டர் கூடுகிறது. பகலில் வெயில் பட்ட நிலம் கொதிக்கிறது. தரையை ஒட்டிய காற்று மிகுந்த சூடாகவும், மேலே போகப்போகக் குளிர்ந்தும் இருக்கும். எனவே ஒலி அலையின் அடிப்பகுதி விரைந்து ஓட, மேற்பகுதி பின்தங்குகிறது. விளைவு, அலை முழுவதும் வானத்தை நோக்கி வளைந்துவிடுகிறது. சில நூறு மீட்டர் தொலைவில் நிற்பவர் தலைக்கு மேலாகவே ஒலி போய்விடும். ஒளிக்கு நிழல் இருப்பதுபோல் ஒலிக்கும் ஒரு நிழல் உண்டு; பகலில் நீங்கள் அந்த நிழலில் நிற்கிறீர்கள்.

மேகமற்ற இரவில் இது தலைகீழாகிறது. நிலம் தன் வெப்பத்தை வானத்திற்கு வீசிவிட்டு விரைவில் ஆறுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்கிறது; மேலே உள்ள காற்று இன்னும் சூடாக இருக்கிறது. இப்போது அலையின் மேற்பகுதி முந்தி ஓடுகிறது. அலை தரையை நோக்கி வளைகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தரையில் 26 பாகை, 50 மீட்டர் உயரத்தில் 29 பாகை என்று கொள்ளுங்கள். வேகத்தில் உள்ள வேறுபாடு விநாடிக்கு 1.8 மீட்டர்தான். ஆனால், மேளத்திலிருந்து ஏறக்குறைய 6 பாகைச் சாய்வில் மேல்நோக்கிப் புறப்பட்ட ஒலி, சுமார் 50 மீட்டர் உயரம் வரை ஏறி, மெல்ல வளைந்து, 2 கிலோமீட்டர் தள்ளித் தரைக்கு வந்து சேர இந்தச் சிறு வேறுபாடே போதும். இடையில் உள்ள தோப்பையும் குடிசைகளையும் அது தாண்டிக் குதித்து வருகிறது. நீங்கள் நிற்கும் இடம் அந்த வளைவின் மறுமுனை.

சத்தம் வந்த திசையில் நடக்கத் தொடங்குங்கள். முதலில் பாட்டு கேட்கும். ஆனால் ஒரு சொல்லும் புரியாது. காற்று, உயர்ந்த அதிர்வெண் உள்ள ஒலிகளை மிகுதியாக விழுங்கிவிடும் இயல்புடையது. க, ச, ட, த போன்ற மெய்களின் கூர்மை உயர் அதிர்வெண்களில்தான் இருக்கிறது. உயிரெழுத்துகளின் நீட்டமும் இராகமும் தாழ்ந்த அதிர்வெண்கள். ஆகவே தொலைவிலிருப்பவருக்கு உயிர் வந்து சேர்கிறது, மெய் வழியிலேயே நின்றுவிடுகிறது! நெருங்க நெருங்கத்தான் மெய்கள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டு சொற்களாகின்றன. களத்து விளக்கு கண்ணில் படும் தூரம் வந்ததும் மத்தளக்காரரின் கையைக் கவனியுங்கள். கை விழுந்து ஒரு விநாடி கழித்துச் சத்தம் கேட்டால், நீங்கள் இன்னும் 350 மீட்டர் நடக்க வேண்டும்.

இனிக் களத்திற்குள் வருவோம். தெருக்கூத்து வட தமிழ்நாட்டின் இரவுக் கலை. செய்யாற்றை அடுத்த புரிசை அதற்குப் பெயர்பெற்ற ஊர். அங்குள்ள தம்பிரான் குடும்பத்தாரின் கூத்தைக் கண்டு வியந்தவர்களில் எழுத்தாளர் ந. முத்துசாமியும் ஒருவர், 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறை தோன்றியதில் அந்த வியப்புக்குப் பங்குண்டு. செஞ்சிப் பகுதியின் திரௌபதி வழிபாட்டை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் அதைப்பற்றிப் பெரிய நூலே எழுதினார். இவர்களைப் போன்றவர்கள் கதையையும் வேடத்தையும் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார்கள். கிரீடமும் புஜக்கட்டையும் மின்ன ஆடுபவரை எல்லோரும் பார்க்கிறார்கள். அவருக்குப் பின்னால் பலகையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் நான்கைந்து பேரை யாரும் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. இன்றிரவு நாம் அவர்களைத்தான் பார்க்கப்போகிறோம்.

மிருதங்கம், டோலக், முகவீணை, ஆர்மோனியப் பெட்டி, கைத்தாளம். இவ்வளவுதான் அந்த வாத்தியக் குழு. வேடங்கள் வருமுன் இவர்கள் தனியே வாசிக்கும் மேளக்கட்டுதான் ஊருக்கு விடுக்கும் அழைப்பு.

மிருதங்கத்தின் வலந்தலையில் உள்ள கறுப்பு வட்டத்தைப் பாருங்கள். அந்தக் கறுப்பு வட்டம் ஓர் இயற்பியல் அற்புதம். அது இல்லாத தோல் எப்படி ஒலிக்கும் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வீணைத் தந்தியை மீட்டினால், அதன் அடிப்படைச் சுரத்தோடு 2, 3, 4, 5 மடங்கு அதிர்வெண்ணுள்ள மேற்சுரங்களும் சேர்ந்தே பிறக்கின்றன. முழு எண் மடங்குகளாக இருப்பதால் அவை ஒன்றோடொன்று இசைந்து, காதுக்கு ஒரே சுரமாகக் கேட்கின்றன. இழுத்துக் கட்டிய வட்டத் தோலில் இந்த ஒழுங்கு கிடையாது. அதன் அதிர்வுகள் 1, 1.59, 2.14, 2.30, 2.65, 2.92 என்ற விகிதத்தில் அமையும். இங்கிலாந்தின் ராலே பிரபு 1877இல் வெளியிட்ட ஒலியியல் நூலில் இதையெல்லாம் காணலாம். ஒன்றுக்கொன்று ஒட்டாத இந்த எண்களால்தான் சாதாரண முரசு 'டம்' என்று இரைகிறதே தவிர, 'ச' என்றோ 'ப' என்றோ சுரம் சொல்வதில்லை.

ஆனால் மிருதங்கம் சுரம் சொல்கிறது. பாடகரின் சுருதிக்கு அதைச் சேர்க்கிறார்கள். இதன் காரணத்தைத் தேடியவர் நம் சர் சி. வி. இராமன். பின்னர் அவருக்கு நோபெல் பரிசு வாங்கித் தந்த ஒளிச்சிதறல் ஆய்வுக்கு எட்டாண்டு முன்பே, 1920இல், சிவகாளி குமார் என்பவருடன் சேர்ந்து இது பற்றி 'நேச்சர்' இதழில் எழுதினார். 1934இல் இந்திய அறிவியல் கழகத்தின் ஏட்டில் விரிவான கட்டுரை வெளியிட்டார். அவர் கையாண்ட முறை பள்ளி மாணவனும் செய்யக்கூடியது. தோலின்மேல் நுண்ணிய மணலைத் தூவி, விரலால் ஓரிடத்தைத் தொட்டுக்கொண்டு மற்றோரிடத்தில் தட்டினார். அதிரும் இடத்திலிருந்து மணல் துள்ளி ஓடி, அதிராத கோடுகளில் போய்ப் படிந்தது. அந்தக் கோலங்களைக் கொண்டு எந்த அடியில் தோல் எப்படி மடிகிறது என்று கண்டார். மிருதங்கத் தோலின் முதல் ஒன்பது அதிர்வு முறைகளும் ஐந்தே சுரங்களில் வந்து கூடுகின்றன என்றும், அவை ஏறக்குறைய 1, 2, 3, 4, 5 என்ற விகிதத்தில் நிற்கின்றன என்றும் நிறுவினார். அதாவது, தோல் தந்தியாகிவிட்டது!

கறுப்பு வட்டம் இதை எப்படிச் செய்கிறது? முதல் அதிர்வில் தோலின் நடுப்பகுதிதான் மிகுதியாக ஏறி இறங்குகிறது. இரண்டாம் அதிர்வில் தோல், சிறுவர் விளையாடும் ஏற்றப்பலகை போல, ஒரு பாதி ஏற மறு பாதி இறங்குகிறது, நடுக்கோடு அசைவதில்லை. இப்போது நடுவில் கனத்தை ஏற்றினால் என்ன ஆகும்? முதல் அதிர்வு பெரிதும் தளர்ந்து தாழ்கிறது. இரண்டாவதை அது அவ்வளவாகப் பாதிப்பதில்லை. முதல் எண் 1 என்பதிலிருந்து 0.8 ஆகத் தாழ்ந்துவிட்டால், 1.59ஐ 0.8ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 2! மற்ற அதிர்வுகளையும் அவ்வாறே இடத்தில் நிறுத்த, கனம் எவ்வளவு, எவ்வளவு அகலம், ஓரத்தை நோக்கி எப்படிச் சரிய வேண்டும் என்பதெல்லாம் சரியாக அமைய வேண்டும்.

இந்தக் கணக்கை யார் போட்டார்கள்? தோல் பதனிட்டு வார் பிடிக்கும் தொழிலாளர்கள். இரும்பும் மாங்கனீசும் கலந்த கல்லைப் பொடித்து, சோற்றுடன் பிசைந்து, ஒரு படலம் பூசி, கல்லால் தேய்த்து, காயவிட்டு, மீண்டும் ஒரு படலம். இப்படிப் பல படலங்கள். தேய்க்கத் தேய்க்க அதில் நுண்ணிய வெடிப்புகள் உண்டாகின்றன. அவை இல்லாவிட்டால் பூச்சு ஓடுபோல் இறுகித் தோலை அசையவிடாது. ஒவ்வொரு படலத்துக்கும் தட்டிக் கேட்டு, போதுமா போதாதா என்று காதால் முடிவு செய்கிறார்கள். சமூகம் இவர்களை வீட்டு வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்தது. இவர்கள் செய்த வாத்தியத்தை மட்டும் பூசையறை வரை கொண்டு போயிற்று. மிருதங்கக் கட்டைக்குப் பேர்போன பலாமரம், விழுப்புரத்திற்குத் தெற்கே உள்ள பண்ணுருட்டிப் பக்கத்து மரம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

மிருதங்கக்காரர் மோதிர விரலைத் தோலில் மெல்ல ஊன்றிக்கொண்டு, ஆள்காட்டி விரலால் விளிம்பில் 'நம்' என்று தட்டுகிறார். ஊன்றிய விரல் முதல் அதிர்வைக் கொன்றுவிடுகிறது. இரண்டாவது மட்டும் தெளிவாக ஒலிக்கிறது. இராமன் மணல் தூவிச் செய்த சோதனையையே இவர் இரவு முழுவதும், விநாடிக்குப் பல முறை, செய்துகொண்டிருக்கிறார். இடந்தலையில் ரவையைப் பிசைந்து அப்பியிருப்பதும் இதே தத்துவம்தான்: கனம் கூடினால் சுரம் தாழும். அந்தத் தாழ்ந்த 'தொம்' ஓசைதான் கூட்டேரிப்பட்டு வரை தேய்வு குறைவாக வந்தது.

வீட்டிலேயே நீங்கள் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு பால் மாவு டப்பாவின் வாயில் கிழித்த பலூனை இறுக இழுத்துக் கட்டுங்கள். விரலால் சுண்டிக் கேளுங்கள். பிறகு நடுவில் பிசைந்த கோதுமை மாவைக் காசளவு ஒட்டிச் சுண்டுங்கள். ஓசை தாழ்வதைக் கேட்பீர்கள். மாவை எடுத்துவிட்டு, மேலே பொடி உப்பைத் தூவி, பக்கத்தில் வாயை வைத்து 'ஊ' என்று சுருதியை மெல்ல ஏற்றிக்கொண்டே போனால், சில சுருதிகளில் மட்டும் உப்பு துள்ளிக் கோலமிடும்.

அடுத்து முகவீணை. பெயரில் வீணை இருக்கிறதே தவிர, இது நாகசுரத்தின் குட்டித் தம்பி. ஒரு முழம்கூட இராது. சீவாளியின் இரண்டு தட்டைகளும் மூச்சு பட்டுத் திறந்து மூடித் துடிக்க, கூம்பு வடிவக் குழலுக்குள் காற்று அதிர்கிறது. 30 சென்டிமீட்டர் நீளமுள்ள கூம்பு எனக் கொண்டால், எல்லாத் துளைகளையும் மூடியபோது அடிப்படைச் சுரம் 550 ஹெர்ட்ஸ் அளவில் வரும். அதோடு 2 மடங்கு, 3 மடங்கு என எல்லா மேற்சுரங்களும் வலுவாகப் பிறக்கும். ஐந்தாவது 2,750, ஆறாவது 3,300.

இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் காதுக்கு வாருங்கள். செவித்துளை ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குழல். ஒரு முனை திறந்தது, மறு முனையைச் செவிப்பறை மூடியிருக்கிறது. அத்தகைய குழல், தன் நீளத்தைப்போல் நான்கு மடங்கு அலைநீளமுள்ள ஒலிக்கு ஒத்ததிர்ந்து அதைப் பெருக்கும். கணக்கிட்டால் ஏறக்குறைய 3,400 ஹெர்ட்ஸ்! மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையில்தான். முகவீணை தன் வலிமையையெல்லாம் அங்கேதான் கொண்டுவந்து கொட்டுகிறது. இரண்டு தோற்கருவிகளும் நான்கு தொண்டைகளும் முழங்கும்போதும், ஒரு முழம் இல்லாத அந்தக் குழல் தனியே பிரிந்து கேட்பதன் இரகசியம் இது.

ஆர்மோனியத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1842இல் பாரிசில் டெபேன் என்பவர் காப்புரிமை பெற்ற வாத்தியம் இங்கு வந்து தரையில் உட்கார்ந்து கையால் துருத்தி போடக் கற்றுக்கொண்டது. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு பித்தளை நாக்கு. சுரத்தை வளைக்க வழியில்லை. அதனாலேயே 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி அதை ஒதுக்கி வைத்திருந்தது. கூத்துக்காரர்கள் அப்போதும் அதைக் கைவிடவில்லை. நூறு பேர் பேசும் இடத்தில் சுருதியைப் பிடித்துத் தர அதைவிட மலிவான கருவி ஏது?

பின்பாட்டை மறந்துவிடக்கூடாது. வேடக்காரர் ஒரு வரியைப் பாடி முடித்ததும் குழுவினர் அதைத் திருப்பிப் பாடுகிறார்கள். ஆடுபவருக்கு மூச்சு வாங்க அது இடைவெளி. ஒலியியலில் அதற்கு இன்னொரு பயனும் உண்டு. நான்கு பேர் சேர்ந்து பாடினால் ஒருவர் பாடுவதைவிட 6 டெசிபெல் கூடுகிறது. முதல் முறை தவறவிட்டவர்கள் இரண்டாம் முறை பிடித்துக்கொள்கிறார்கள். அர்ச்சுனன் தபசில் நடிகர் உயர்ந்த தபசு மரத்தின்மேல் ஏறிப் பாடுவார். கதைக்கு அது கயிலாயம். ஒலிக்கோ, கூட்டத்தின் தலைகளும் துணிகளும் உறிஞ்ச முடியாத உயரம்.

இவ்வளவும் ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் உருவான ஏற்பாடு. இன்றோ களத்தில் ஒலிவாங்கி தொங்காத கூத்து அரிது. நடிகர் ஆடிக்கொண்டே போனவர், வசனத்துக்காக ஒலிவாங்கியின் அடியில் ஓடி வந்து நிற்க வேண்டியிருக்கிறது. குழாய் ஒலிபெருக்கி தாழ்ந்த ஓசைகளை வெளியிடுவதில்லை. ஆகவே இடந்தலையின் 'தொம்' அங்கேயே செத்துவிடுகிறது. முகவீணையோ அதில் காதைக் கிழிக்கிறது. அதனால் முகவீணையைத் தள்ளிவைத்துவிட்டு, ஆர்மோனியத்தோடும் மின்விசைப் பலகையோடும் நிறுத்திக்கொள்ளும் குழுக்கள் பெருகிவிட்டன. வாசிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே இருக்கிறார்கள்.

இன்னொரு சிக்கல் சட்டத்தால் வருவது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. 2010இல் செய்த திருத்தம் இசைக் கருவிகளையும் அதில் சேர்த்தது. திருவிழா நாட்களில் மாநில அரசு நள்ளிரவு 12 மணி வரை விலக்கு அளிக்கலாம், அதுவும் ஆண்டில் 15 நாட்களுக்கு மேற்படாமல். கூத்துக்கு 12 மணி என்பது தொடக்கம்! தூங்க முடியாத நோயாளிக்கும், மறுநாள் தேர்வெழுதும் மாணவனுக்கும் இந்த விதிகள் தேவை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒலிபெருக்கியையும் முகவீணையையும் ஒரே தராசில் வைக்கலாமா? கணக்குப் போடுவோம்.

வெட்டவெளியில் தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபெல் குறைகிறது. ஒலிபெருக்கி இல்லாத குழு, ஒரு மீட்டர் தொலைவில் 95 டெசிபெல் எழுப்புகிறது என்று கொள்வோம். 512 மீட்டரில் ஒன்பது முறை இரட்டித்துவிட்டது. 54 டெசிபெல் கழிந்து 41 மிஞ்சுகிறது. குடியிருப்புப் பகுதிக்கு இரவில் அதே விதிகள் அனுமதிக்கும் அளவு 45. அதாவது, அடுத்த ஊர்க்காரர் தூங்கலாம். 2 கிலோமீட்டருக்கு அப்பால் 29தான். காற்றின் வளைவு கை கொடுத்தால், நின்று காது கொடுப்பவருக்கு மட்டும் கேட்கும். கூத்து நடக்கும் தெருவில் இருப்பவருக்கு இந்தக் கணக்கு உதவாதுதான். இதே களத்தில் 115 டெசிபெல் எழுப்பும் ஒலிபெருக்கிப் பெட்டிகளை வையுங்கள். அரை கிலோமீட்டரில் 61. யார் தூங்குவது?

பெட்டிகளுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் வாத்தியக்காரர்களின் காதுகளையும் எண்ணிப் பாருங்கள். 85 டெசிபெல் ஒலியில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாக வேண்டும் என்பது தொழில் நலத்துறையினர் கையாளும் ஓர் அளவு. 100 டெசிபெல் என்றால் கால் மணி நேரம். இரவு பத்துக்குத் தொடங்கி விடியற்காலை ஆறுக்கு முடியும் கூத்து எட்டு மணி நேரம். விழாக் காலத்தில் அது அடுத்தடுத்த இரவுகளில் வரும். சுருதி பிரிக்கும் செவியை இழந்த மிருதங்கக்காரருக்கு வேறென்ன மிஞ்சும்? ஒலிபெருக்கியின் விசையைத் தாழ்த்துவதும், அந்தப் பெட்டிகளைக் குழுவுக்கு முன்னே தள்ளிக் கூட்டத்தை நோக்கித் திருப்பி வைப்பதும் காசு செலவில்லாத காரியங்கள்.

நள்ளிரவுக்குமேல் மின்சாரம் நின்றுபோகும் இரவு உங்களுக்கு வாய்த்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். ஒலிபெருக்கி ஊமையாகும். கூட்டம் 'ஓ' என்று கத்தி அடங்கும். குழு நிறுத்தாது, நிறுத்தும் வழக்கமில்லை. பின்னால் இருப்பவர்கள் தாமாகவே எழுந்து நெருங்கி வந்து உட்காருவார்கள். அப்போதுதான் இடந்தலையின் ஆழமும், தாளத்தின் கூர்மையும், குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதும் தனித்தனியே கேட்கும். அந்தக் குழுவின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்; முகவீணை வாசிப்பவர் இருந்தால் அவர் அடுத்து எந்த ஊரில் வாசிக்கிறார் என்றும் கேளுங்கள்.

பதினெட்டாம் போர் என்றால் இரவோடு கூத்து முடியாது. மறுநாள் காலை, மண்ணால் செய்த துரியோதனன் பெருவுருவத்தைச் சுற்றிப் படுகளம் நடக்கும். மேளம் இரவைவிட உரக்கவே முழங்கும். ஆனால் வெயில் ஏறிய பிறகு நீங்கள் கூட்டேரிப்பட்டு நிறுத்தத்துக்குத் திரும்பி வந்து நின்றால் ஒன்றும் கேட்காது. நிலம் சூடேறிவிட்டது; மேளம் உங்கள் தலைக்கு மேலாக வானத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது.